நெல்லின் ஈரத்தை அளப்பது யார்?

பெப்ரவரி மாதக் கடைசியில் விடுமுறைக்குக் கிளிநொச்சி போயிருந்தேன். முரசுமோட்டைப் பக்கம் சின்னம்மாவுக்கு இரண்டு ஏக்கர் வயல். நான் போன அன்று விடியவே நெல் வாங்கும் லொறி வந்து வரம்போரம் நின்றது. முதல்நாள் பின்னேரம் வெட்டிய நெல், 42 மூடை, படங்கால் மூடிக் கிடந்தது. லொறியோடு வந்த பெடியன் ஒரு மூடையின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி நெல்லை எடுத்து, கையடக்கமான ஒரு மீற்றருக்குள் போட்டான். சில செக்கன்களில் திரையில் 18.5 என்று விழுந்தது. “ஈரம் கூட. மூடைக்கு நாலு கிலோ கழிவு” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் சொன்னா: “நான் என்னத்தைச் சொல்ல மோனை? மெசின் காட்டுது எண்டு சொல்லுறாங்கள். மெசினோட சண்டை பிடிக்கேலுமே?”

எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் எனது தொழிலே தண்ணீரை அளப்பதுதான். கொழும்புப் பக்கம் ஓர் உணவுப் பொருள் ஆய்வுகூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். பால்மா, மா, எண்ணெய், மருந்துக்குப் போகும் கரைப்பான்கள் என்று வருகின்ற எல்லாவற்றிலும் எத்தனை வீதம் தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நான், என் சின்னம்மாவின் நெல்லை ஒரு பெடியன் ஒரு பிடியில் அளந்து விலை போடுவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். “இந்த மீற்றரை எந்த நெல்லுக்கு செற் பண்ணியிருக்கிறீங்கள் தம்பி?” என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. முதலாளி தந்தபடி கொண்டுவருவதாகச் சொன்னான். மூடைகள் ஏறுவதற்கு முன், ஆறு மூடைகளில் ஒவ்வொரு பிடி எடுத்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் போத்தலின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பதால்தான் எழுதுகிறேன். 2025 பெப்ரவரித் தொடக்கத்தில் நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலை அறிவித்தது. நாடு கிலோ 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இந்த மூன்று எண்களையும் பெரிதாகப் போட்டன. இந்த விலை போதுமா போதாதா என்று விவாதம் நடந்தது. அறிவித்தலில் நான்காவதாக ஓர் எண் இருந்தது. நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அது. அதைப்பற்றி எவரும் பேசவில்லை. வயலில் இருந்து நேரே வரும் நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். காயவைக்க இடமும் ஆளும் நாளும் இல்லாதவருக்கு 120 ரூபா என்பது ரேடியோவில் கேட்கிற எண் மட்டுமே. அவர் லொறிக்காரரின் விலைக்குத்தான் விற்பார், லொறிக்காரரின் மீற்றரில்தான் அளப்பார்.

14 வீதம் என்பதில் பிழையில்லை. அதற்கு மேல் ஈரம் இருந்தால் நெல் மூடைக்குள் மூச்சுவிட்டுச் சூடாகும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். மிகவும் காய்ந்தாலும் குற்றும்போது குருணையாகப் போகும். எங்கள் பழைய ஆட்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கையால் வெட்டி, கதிரைச் சூடு வைத்து, நாட்கணக்கில் கிடந்த பிறகுதான் சூடடித்தார்கள். நெல் சூட்டிலேயே பாதி காய்ந்துவிடும். மிச்சம் முற்றத்தில் காயும். பிறகு கொம்பறைக்குள் போகும். விலை ஏறும்வரை அங்கேயே கிடக்கும். ஈரம் பார்ப்பதற்குப் பல் இருந்தது. ஒரு நெல்லைக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த வன்னிக்குப் பற்றரியே வர முடியாது. பற்றரியில் வேலை செய்கிற ஈரமானியைப் பற்றி அன்று கனவுகூடக் கண்டிருக்க முடியாது. பல்லுக்குத் தடை விதிக்க எவராலும் முடியவில்லை.

2009இற்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடும் இல்லை, கொம்பறையும் இல்லை. சித்தப்பாவும் இல்லை. அறுவடை இயந்திரம் வந்தது. அது காலையில் பச்சையாக நிற்கும் நெல்லை மத்தியானம் மூடையாக்கிவிடும். கூலி மிச்சம், நாள் மிச்சம். ஆனால் சூட்டில் கிடந்து காயும் அந்த நாட்களும் அதோடு போய்விட்டன. அந்த நாட்கள் செய்த வேலையை இப்போது சின்னம்மா தார் வீதியோரத்தில் படங்கு விரித்துச் செய்ய வேண்டும், அல்லது செய்யாமல் ஈரத்தோடு விற்க வேண்டும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மாசி மாதத்தில் போனவர்களுக்கு அந்தப் படங்குகள் தெரியும். வாகனம் ஓட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டு போவார்கள். களஞ்சியப் பிரச்சினை எங்களுக்கு மட்டுமானது என்று சொல்லவும் மாட்டேன். 2015இல் மத்தள விமான நிலையத்தில் நெல் அடுக்கி வைத்த நாடு இது.

இனி மீற்றருக்கு வருவோம். வயலில் காணப்படும் ஈரமானி தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது மின்சாரத்துக்கு நெல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, அதிலிருந்து தண்ணீரை ஊகிக்கிறது. இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று நெல்லை இரு மின்வாய்களுக்கு இடையில் நசுக்கி மின்தடையைப் பார்க்கும். காய்ந்த நெல் மின்சாரத்தை விடாது. ஈரம் கூடக்கூட, அந்த ஈரத்தில் கரைந்திருக்கும் உப்புகளின் அயன்கள் மின்னோட்டத்தைச் சுமக்கும், தடை குறையும். மற்றையது நெல்லை ஒரு கிண்ணத்தில் நிரப்பி அதன் கொள்ளளவத்தைப் பார்க்கும். தண்ணீரின் மின்னுழையம் 80 அளவில், காய்ந்த தானியத்தினுடையது அதில் சிறு பங்கு. ஆகவே சிறிது தண்ணீர் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். இரண்டுமே நல்ல யோசனைகள். மலிவு, வேகம், கையில் கொண்டுபோகலாம்.

ஆனால் ஊகம் சரியாக வர, கருவிக்குள் ஓர் அட்டவணை இருக்க வேண்டும். இந்த இன நெல், இந்த வெப்பநிலை, இவ்வளவு தடை என்றால் இத்தனை வீதம் ஈரம் என்ற அட்டவணை. அது நீண்ட நெல்லுக்கு ஒன்று, குறுகிய சம்பாவுக்கு வேறொன்று, உமி நீக்கிய அரிசிக்கு இன்னொன்று. பொத்தானை மாற்றி அழுத்தினால் எண்ணும் மாறும். விடியற்காலைப் பனி நெல்லின் மேற்தோலில் இருந்தால், உள்ளே காய்ந்திருந்தாலும் மீற்றர் கூடக் காட்டும். மத்தியான வெயிலில் இருந்து அப்போதுதான் அள்ளிய நெல்லுக்கு மேல் காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும், அப்போது குறையக் காட்டும். பச்சை நெல்லும் வைக்கோல் துண்டும் கலந்தால் ஒரு எண், தூற்றி எடுத்தால் இன்னோர் எண். கிண்ணத்தை இறுக்கி நிரப்பினால் கூடும், பொலபொலவென்று விட்டால் குறையும். பற்றரி இறங்கினாலும் குழப்பம். எல்லாம் சரியாக இருந்தாலும்கூட அரை வீதம் முன்பின்னாக வரலாம் என்று கருவிகளின் கையேடுகளே ஒப்புக்கொள்கின்றன. இதெல்லாம் தெரிந்த ஒருவர் கையில் அது பயனுள்ள கருவி. தெரியாதவர் கையில் அது ஒரு தீர்ப்பு.

அப்படியானால் உண்மையான அளவு எது? எளிய வழி கனலடுப்பு. அரைத்த தானியத்தை நிறுத்து, 130 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் வைத்து, திரும்ப நிறுத்தால் குறைந்த நிறை தண்ணீர். தானியத்துக்கு இது போதும். ஆனால் தேன், பால்மா, இனிப்புப் பண்டங்கள் போன்றவற்றில் அடுப்பு ஏமாற்றும். வெப்பத்தில் வாசனைப் பொருட்களும் ஆவியாகும், சீனி உடைந்து புதிதாகத் தண்ணீரை உண்டாக்கும். போனதெல்லாம் தண்ணீர் என்று தராசு நினைத்துக்கொள்ளும்.

தண்ணீரை மட்டும் தேடிப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் கார்ல் பிஷர் என்ற ஜேர்மன் வேதியியலாளர். பெற்றோலியத் துறையில் வேலை செய்தவர். திரவ சல்பர் டயொக்சைட்டில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறியும் தேவை அவருக்கு இருந்தது. 1935இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுதும் அவர் பெயரிலேயே நடக்கிறது. அயடீனும் சல்பர் டயொக்சைட்டும் தாக்கமுறுவதற்குத் தண்ணீர் வேண்டும். மெதனோலிலே, ஒரு மூலம் இருக்கும் கரைசலில், ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு ஓர் அயடீன் மூலக்கூறு என்ற கணக்கில் அது நடக்கும். தண்ணீர் தீர்ந்ததும் அயடீன் மிஞ்சும். கரைசலில் நிற்கும் இரு பிளாட்டினக் கம்பிகள் அந்த மிச்ச அயடீனை உடனே உணர்ந்துவிடும்.

இதன் நுட்பமான வடிவத்தில் அயடீனை ஊற்றுவதே இல்லை. அயடைட்டு உள்ள கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தேவையான அயடீனை அங்கேயே உண்டாக்குவார்கள். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் குளோரீன் எடுத்தார்கள் அல்லவா, அதே வேலைதான். அங்கே குளோரீன், இங்கே அதன் தம்பி அயடீன். அங்கே தொன் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. அந்தத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனது. என் பாடசாலை நாட்களில் மின்பகுப்பு என்றால் ஆசிரியர் சன்னலுக்கு வெளியே அந்தத் திசையைத்தான் காட்டுவார்.

இந்த முறையின் அழகு என்னவென்றால் இங்கே ஊகமே இல்லை. ஓர் அயடீன் மூலக்கூறை உண்டாக்க இரண்டு இலத்திரன்கள் வேண்டும். ஆகவே எவ்வளவு மின்னேற்றம் ஓடியதோ அவ்வளவு தண்ணீர். ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 10.7 கூலோம். அதாவது 100 மில்லி அம்பியர் மின்னோட்டம் 107 செக்கன் ஓடினால் ஒரு மில்லிகிராம் தண்ணீர் இருந்திருக்கிறது. எந்த நாட்டில், எந்த இனத்தில், எந்தக் காலையில் செய்தாலும் அதே எண். அசற்றோன், அற்ககோல், மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் பத்து இலட்சத்தில் சில பங்கு தண்ணீர் இருந்தாலும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

இதையும் ஏமாற்றலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் கெட்டிக்காரத்தனம் காட்டுவதாகிவிடும். வைட்டமின் சி உள்ள மாதிரியில் அந்த வைட்டமினும் அயடீனை விழுங்கும், தண்ணீர் கூட இருப்பதுபோல் காட்டும். அசற்றோனைச் சாதாரண மெதனோல் கரைசலில் போட்டால் இரண்டும் தாக்கமுற்று அங்கேயே தண்ணீரை உற்பத்தி செய்யும், அளவீடு முடியவே முடியாது. அதற்கென்று வேறு கரைசல் வாங்க வேண்டும். நாங்கள் தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன், ஒரு கிராமில் 10 மில்லிகிராம் தண்ணீர் இருப்பதாகச் சான்றுபெற்ற நியமக் கரைசலைப் போட்டு மெசினைச் சோதிப்போம். 10 வராவிட்டால் அன்றைக்கு எந்த அறிக்கையும் வெளியே போகாது. பல லட்சம் ரூபா மெசினையே நாங்கள் இப்படிச் சந்தேகப்படுகிறோம். சின்னம்மாவின் வயலில் நின்ற மீற்றரைக் கடைசியாக யார், எப்போது, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை.

இப்போது போத்தல். மேலாளரிடம் கேட்டு, வேலை நேரம் முடிந்த பிறகு சோதித்தேன். கனலடுப்பில் 15.9 வீதம் வந்தது. அரைத்த நெல்லைச் சூடாக்கி, வரும் ஆவியைக் கார்ல் பிஷர் கலத்துக்குள் செலுத்திப் பார்த்ததில் 15.7. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மீற்றர் காட்டிய 18.5 தனியாக நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். மூடை 70 கிலோ, 42 மூடைக்கு 2,940 கிலோ. 15.9 வீத நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் குறைவது 65 கிலோ. உண்மையாகவே 18.5 வீதமாக இருந்திருந்தால் குறைவது 154 கிலோ. லொறிக்காரர் கழித்ததோ மூடைக்கு 4 வீதம் 168 கிலோ. அதாவது, அவருடைய மீற்றரை அப்படியே நம்பினால்கூட 14 கிலோ கூடக் கழித்திருக்கிறார். எங்கள் அளவைக் கொண்டு பார்த்தால் 103 கிலோ. அன்றைய அவருடைய விலை கிலோ 110 ரூபா. 11,330 ரூபா. சின்னம்மாவுக்கு அது இரண்டு ஏக்கருக்கும் வெட்டுக்கூலியில் பெரும்பகுதி.

இது ஏமாற்று என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று காலையில் பனி இருந்தது. பெடியன் எடுத்தது மேல் மூடையில் ஒரு பிடி. நான் எடுத்தது ஆறு மூடையில். நெல் வாங்குகிறவருக்கும் பயம் உண்டு. ஆலையில் திரும்ப அளப்பார்கள், அங்கே கூடக் காட்டினால் நட்டம் அவருடையது. லொறியில் இரவெல்லாம் கிடந்தால் ஈர நெல் சூடாகும். ஆகவே அவர் தன் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு வைத்துத்தான் கழிப்பார். என் கேள்வி வேறு. தவறுகள் இரண்டு பக்கமும் விழ வேண்டும். அதுதான் அளவீட்டின் இயல்பு. எங்கள் ஊரில் அது ஏன் எப்போதும் ஒரே பக்கம் விழுகிறது? 12 வீதத்துக்குக் காயவைத்துக் கொண்டுபோகும் விவசாயிக்கு, 1,000 கிலோவுக்கு 23 கிலோ நெல்லின் பெறுமதி கூடுதலாகச் சேர வேண்டும். அதை யாராவது கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதன் அடியில் கடன் இருக்கிறது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் உழவுக்கும் ஐப்பசியில் காசு கொடுத்தவரே மாசியில் லொறியோடு வருகிறார். “மீற்றர் பிழை” என்று சொன்னால் அடுத்த போகத்துக்கு உரம் இல்லை. ஆண்துணை இல்லாத வீடுகளில் இது இன்னும் இறுக்கம். சின்னம்மா பேசாமல் நின்றதற்குக் காரணம் அறிவியல் தெரியாதது அல்ல. அவவுக்கு நெல்லைக் கடித்துப் பார்த்தே தெரியும், அது 18 இல்லை என்று. எனக்குப் பிறகுதான் சொன்னா.

தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் சனம் பழகிவிட்டது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் அதற்கென்று ஒரு திணைக்களமும் உண்டு. தானிய ஈரமானிகளுக்குச் சர்வதேச சட்ட அளவியல் அமைப்பு தனியாக ஒரு விதந்துரை, 59ஆவது, வைத்திருக்கிறது. ஈரமானி ஒரு தராசு என்று நாங்கள் நினைப்பதில்லை. ஆனால் அன்று அந்த வரம்பில் உண்மையான தராசு அதுதான். 168 கிலோவை நிறுத்து எடுத்தது அது.

செய்யக்கூடியது பெரிய விடயமும் அல்ல. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் பொதுவாக ஒரு மீற்றர். போகத் தொடக்கத்தில் நாலைந்து நெல் மாதிரிகளைக் கனலடுப்பில் பார்த்து, அந்த மீற்றரை அதனோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு துண்டில் எழுதி அதிலேயே ஒட்டிவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் அறிவியல் நகரில், இந்த வயல்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கனலடுப்பும் தராசும் உள்ள எந்த ஆய்வுகூடமும் இதை ஒரு நாளில் செய்யும். மாணவர்களுக்கு நல்ல செய்முறைப் பாடமாகவும் இருக்கும். வாங்குகிறவர் தன் மீற்றரோடு வரட்டும். விற்கிறவர் பக்கத்திலும் ஒன்று இருந்தால் இரண்டு எண்களும் பேசிக்கொள்ளும். ஒரு பிடியில் அல்ல, நாலைந்து மூடையில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்பதையாவது கமக்கார அமைப்புகள் கேட்கலாம். அதற்குச் செலவே இல்லை.

அதுவரைக்கும் ஒரு போத்தல் சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லைப் போட்டு, வெயிலில் காய்ந்த உப்பு ஒரு கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணித்தியாலம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழ். 15.9ஐயும் 18.5ஐயும் இதால் பிரிக்க முடியாது, இரண்டிலும் உப்பு ஒட்டும். ஆனால் படங்கை மடிக்கலாமா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று முடிவெடுக்க இது போதும்.

போன கிழமை தொலைபேசியில் சின்னம்மாவுக்கு அடுப்பில் வந்த எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தக் கடதாசியை எனக்கு அனுப்பேலுமே மோனை? வாற கூட்டத்தில கமக்கார அமைப்புத் தலைவரிட்டக் காட்ட வேணும்” என்றா. ஆய்வுகூடத் தலைப்பிட்ட கடதாசியில் அதைக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. கையால் எழுதி, எப்படி அளந்தேன் என்பதையும் சேர்த்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் பகிர்வது பற்றிய கூட்டம் அது. கடைசியில் ‘வேறு விடயங்கள்’ என்று ஒரு பகுதி இருக்குமாம், அதில் கேட்கப் போறாவாம்.